ஊறுகாய்ப் பந்து ஆட்டம்: எந்த மட்டை நல்ல மட்டை?

"ஊறுகாய்ப் பந்து" என்று ஓர் ஆட்டம் வந்திருக்கிறது.

பெயரைக் கேட்டதும் சிரிப்பு வருகிறது அல்லவா? "பிக்கிள்பால்" என்பது அதன் ஆங்கிலப் பெயர். "பிக்கிள்" என்றால் ஊறுகாய். "பால்" என்றால் பந்து. ஆனால், இந்த ஆட்டத்தில் ஊறுகாயும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பந்து. ஆளுக்கு ஒரு மட்டை. நடுவே ஒரு வலை. அவ்வளவுதான்!

விளையாட்டுப் பிள்ளைகளின் சங்கதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மத்திய அரசாங்கம் இதற்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. இந்தியப் பிக்கிள்பால் சங்கத்தைத் தேசிய சம்மேளனமாக ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மும்பையில் பெரிய பந்தயம் ஒன்றும் நடந்தது. ஆறு ஊர்களின் பெயரில் ஆறு அணிகள் மோதின. சென்னை அணியும் உண்டு. கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது பெங்களூர் அணி.

சென்னையில் மொட்டை மாடிகளில்கூட ஆடுகளங்கள் வந்துவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக எது வந்தாலும், அது மாமல்லபுரத்தோடு நின்றுவிடுவது இல்லை. இன்னும் தெற்கே இறங்கினால் புதுப்பட்டினம். பக்கத்திலே கல்பாக்கம் அணுசக்தி நகரியம். இந்தப் பக்கம் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர் கோட்டை. அந்தப் பக்கம் பாலாறு.

இந்தக் கடற்கரைக்குப் புது விளையாட்டு ஒன்றும் புதிது அல்ல. 2022-ல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2025 ஆகஸ்டில் அதே ஊரில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அடுத்தது ஊறுகாய்ப் பந்தாக இருந்தால் ஆச்சரியம் இல்லை.

ஒரு குடும்பம்

புதுப்பட்டினத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அப்பாவுக்கு வேலை முடிந்து வந்தால் சாயங்காலம் ஷட்டில் ஆடுகிற பழக்கம். அம்மாவுக்கு நடைப்பயிற்சி. மகள் 9-ம் வகுப்பு. தாத்தா ஓய்வு பெற்றவர். வலது முழங்கையில் கொஞ்சம் வலி உண்டு.

பக்கத்தில் ஷட்டில் ஆடும் இடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஏன் தெரியுமா? ஷட்டிலில் இரட்டையர் ஆடும் களத்தின் நீளம் 44 அடி. அகலம் 20 அடி. பிக்கிள்பால் களமும் அதே 44 அடி. அதே 20 அடி! வலையை மட்டும் இறக்கிக் கட்ட வேண்டும். ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் உயரம் இருந்தால் போதும். வலைக்கு இரு பக்கமும் 7 அடி தள்ளி ஒரு கோடு போட வேண்டும். சுண்ணாம்பு போதும்.

பந்துக்குப் பெரிய செலவு இல்லை. மிச்சம் இருப்பது மட்டை.

அங்கேதான் குடும்பத்தில் குழப்பம் ஆரம்பிக்கிறது.

"அப்பா, இந்த மட்டையைப் பாருங்க! அடிச்சா இடி மாதிரி போகுமாம்!" என்கிறாள் மகள்.

"ஏங்க, சப்பாத்திப் பலகைக்குக் கைப்பிடி வெச்ச மாதிரி இருக்கு. இதுக்குப் பதினெட்டாயிரமா?" என்கிறார் அம்மா.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. ஆயிரத்துச் சில்லறை ரூபாய்க்கும் மட்டை கிடைக்கிறது. இருபதாயிரத்தைத் தாண்டியும் மட்டை இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நரம்பு கிடையாது, வலை கிடையாது. வழவழவென்று ஒரு பலகை. விலையில் இத்தனை வித்தியாசம் எப்படி வந்தது?

பலகை மட்டையும் விமான மட்டையும்

கதை 1965-ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில் பெயின்பிரிட்ஜ் என்று ஒரு தீவு. அங்கே ஜோயல் பிரிட்சார்ட் என்ற அரசியல்வாதிக்கு ஒரு வீடு இருந்தது. கோடை விடுமுறை. பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. வீட்டில் பழைய ஷட்டில் களம் இருந்தது. ஆனால், மட்டையும் பந்தும் சரியாக இல்லை.

அவரும் அவருடைய நண்பர் பில் பெல்லும் என்ன செய்தார்கள்? டேபிள் டென்னிஸ் மட்டைகளை எடுத்தார்கள். ஓட்டைப் பந்து ஒன்றைப் பிடித்தார்கள். ஆட ஆரம்பித்துவிட்டார்கள்! முதலில் வலை ஷட்டில் வலையின் உயரத்தில் இருந்தது. பந்து தரையில் நன்றாக எழும்புகிறது என்று கண்டதும் வலையை இறக்கினார்கள்.

டேபிள் டென்னிஸ் மட்டை சிறியது, அடி தாங்காது. பார்னி மெக்கல்லம் என்ற இன்னொரு நண்பர் ஒட்டுப் பலகையை அறுத்துப் பெரிய மட்டைகள் செய்து கொடுத்தார். அதுதான் முதல் பிக்கிள்பால் மட்டை. தச்சுப் பட்டறையில் அரை மணி நேர வேலை!

இப்படியே ஏறக்குறைய இருபது வருஷம் ஓடியது. 1984-ல் ஆர்லன் பரான்டோ என்பவர் ஒரு காரியம் செய்தார். அவர் போயிங் விமானக் கம்பெனியில் என்ஜினீயர். விமானத்தின் தரைக்குப் போடுகிற பலகையை எடுத்து மட்டை செய்தார். அந்தப் பலகையின் உள்ளே தேன்கூடு போல அறுகோண அறைகள் இருக்கும். கனம் இல்லை, ஆனால் உறுதி உண்டு. அன்றைக்கு மரம் போய், தேன்கூடு வந்தது.

இன்றைய மட்டைகளில் பெரும்பாலானவை அந்தத் தேன்கூட்டின் பேரப்பிள்ளைகள்தாம். உள்ளே பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் தேன்கூடு. வீட்டில் சாப்பாட்டு டப்பா செய்கிறார்களே, அதே இனத்துப் பிளாஸ்டிக். அதன் இரு பக்கமும் மெல்லிய தகடு. தகடு கண்ணாடி நாரால் ஆனதாக இருக்கலாம். கார்பன் நாரால் ஆனதாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டிலேயே மட்டையின் குணம் எல்லாம் அடங்கிவிடுகிறது. உள்ளே எவ்வளவு தடிப்பு? மேலே என்ன தகடு?

வேகம், கட்டுப்பாடு, கைவாகு

கடைக்காரர் மூன்று வார்த்தைகளைச் சொல்வார். வேகம், கட்டுப்பாடு, கைவாகு. மூன்றும் ஒரே மட்டையில் நிறைய இருக்கிறது என்றும் சொல்வார். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வேகம் என்பது, ஒரே அடிக்குப் பந்து எவ்வளவு சீறிக்கொண்டு போகிறது என்பது. கட்டுப்பாடு என்பது, நினைத்த இடத்தில் பந்து விழுகிறதா என்பது. கைவாகு என்பது, பந்து பட்ட சேதி கைக்குத் தெரிகிறதா, மட்டை கையோடு ஒட்டி வருகிறதா என்பது. முதல் இரண்டையும் இயந்திரம் வைத்து அளக்கலாம். மூன்றாவதை உங்கள் கைதான் சொல்ல வேண்டும்.

நம் கடற்கரையிலேயே இதைப் பார்க்கலாம். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் பந்தைப் போடுங்கள். துள்ளி எழும். மேலே காய்ந்த மணலில் போடுங்கள். அப்படியே அடங்கிவிடும். தடிப்பான மட்டை கொஞ்சம் காய்ந்த மணல் மாதிரி. பந்தின் வேகத்தை வாங்கி அடக்கும். மெல்லிய மட்டை ஈர மணல் மாதிரி. பட்டதும் எகிறும்.

16 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் கட்டுப்பாட்டு மட்டை. 13, 14 மில்லிமீட்டர் என்றால் வேக மட்டை. மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். ஆடிப் பார்த்தால் தெரியும்! முதல் பத்துப் பந்துக்குள்ளேயே கை சொல்லிவிடும்.

தகட்டிலும் இதே சங்கதிதான். கண்ணாடி நார்த் தகடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும்; வளைந்த வேகத்தில் திரும்பிப் பந்தைத் தள்ளும். கார்பன் தகடு விறைப்பாக இருக்கும். அடி மட்டை முழுவதும் ஒரே சீராகப் பரவும். மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் பந்தைச் சுழற்றலாம். ஆனால், ஆட ஆட அந்தச் சொரசொரப்பு தேய்ந்துவிடும். உப்புத்தாள் தேய்கிற மாதிரிதான். இதற்காக அதிக விலை கொடுப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீளத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மட்டையின் நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நீளம் மட்டும் 17 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே, நீளம் கூடினால் அகலம் குறைந்தே தீரும். நீள மட்டை எட்டி அடிக்க உதவும். அடியும் பலமாக விழும். ஆனால், பந்து சரியான இடத்தில் படாவிட்டால் தவறிப்போகும். 16 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள மட்டை, புது ஆளின் தவறைப் பொறுத்துக்கொள்ளும்.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு எந்தப் பலகையைக் கொடுக்கிறார்கள்? நீளமாக, அகலமாக, மேலே மெத்தென்று இருக்கும் பலகையை. சாம்பியன்கள் ஏறுகிற குட்டையான, கூர்மையான பலகையைக் கொடுத்தால், ஏறுவதற்கு முன்னாலேயே தண்ணீர் குடிக்க வேண்டியதுதான்! அங்கே யாரும் "எனக்கு வேகப் பலகைதான் வேண்டும்" என்று அடம்பிடிப்பது இல்லை. கடல் உடனே பதில் சொல்லிவிடும். மட்டை அப்படி உடனே பதில் சொல்லாது. மூன்று மாதம் கழித்துத் தோல்வியாகவோ முழங்கை வலியாகவோ சொல்லும்.

"அடுக்களை" ரகசியம்

இந்த ஆட்டத்தில் "அடுக்களை" ஒன்றும் உண்டு. உண்மையாகத்தான்! வலைக்குப் பக்கத்தில் 7 அடிக்குக் கோடு போட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்த இடத்துக்குப் பெயரே "கிச்சன்". அதாவது அடுக்களை.

அடுக்களைக்குள் நின்றுகொண்டு, பந்து தரையில் படுவதற்கு முன்னால் அடிக்கக்கூடாது. இதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். வலைக்கு மேலேயே நின்று ஓங்கி ஓங்கி அடிக்கிற பலசாலியை அது ஏழு அடி தள்ளி நிறுத்திவிடுகிறது.

பந்தில் ஓட்டைகள் இருப்பதால் காற்று அதைப் பிடித்து இழுக்கும். சர்வீஸ் அடித்த பந்து ஒருமுறை தரையில் பட வேண்டும். திருப்பி அடித்த பந்தும் ஒருமுறை பட வேண்டும். பிறகுதான் பாய்ச்சல் எல்லாம். ஆக, பலத்துக்கு மேல் பலமாகப் பூட்டுப் போட்டுத்தான் இந்த ஆட்டத்தைச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் பேத்தியும் தாத்தாவும் ஒரே களத்தில் நிற்க முடிகிறது.

நன்றாக ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பந்தை மெதுவாக, வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கி, எதிராளியின் அடுக்களையில் போடுகிறார்கள். எதிராளியும் அப்படியே போடுகிறார். பொறுமை யாருக்கு முதலில் போகிறதோ, அவர் பந்தைக் கொஞ்சம் உயரமாகத் தூக்குவார். அப்போது விழும் அடி!

இப்போது யோசித்துப் பாருங்கள். அடுக்களையில் மெதுவாகப் போட வேண்டிய பந்தை, எகிறும் மட்டையால் எப்படிப் போடுவது?

பம்பாயில் நடந்த அதிசயம்

மட்டை ஓர் ஆட்டத்தையே புரட்டிப்போட முடியுமா? முடியும். நம் தேசத்திலேயே அது நடந்திருக்கிறது.

1952 பிப்ரவரி மாதம். பம்பாயில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி. ஐரோப்பாவின் பெரிய சூரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஜப்பானிலிருந்து சட்டோ என்ற இளைஞரும் வந்தார். ஆள் ஒல்லி. மூக்குக் கண்ணாடி. அவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அவர் மட்டையில் தடிப்பான பஞ்சு ரப்பர் ஒட்டியிருந்தது. அதுவரை எல்லோரும் வைத்திருந்தது குமிழ் ரப்பர் மட்டை. பந்து பட்டால் "டொக்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே, பந்து எப்படி வரும் என்று எதிராளி கணக்குப் போடுவார். சட்டோவின் மட்டையில் சத்தமே இல்லை! பந்து பஞ்சுக்குள் அமுங்கி, வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி வந்தது. சூரர்கள் திகைத்துப்போனார்கள். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரி வீரரைத் தோற்கடித்து, சட்டோ உலக சாம்பியன் ஆனார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் சர்ச்சை நடந்தது. "இது ஆளின் திறமையா, மட்டையின் திறமையா?" என்று கேட்டார்கள். 1959-ல் உலக சம்மேளனம் விதி போட்டது. வெறும் பஞ்சு மட்டை கூடாது. பஞ்சுக்கு மேல் ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று முடிவாயிற்று.

அதே கேள்வி இப்போது பிக்கிள்பாலுக்கு வந்திருக்கிறது.

அங்கீகாரம் போன மட்டைகள்

கம்பெனிகளுக்குள் போட்டி. "எங்கள் மட்டைதான் வேகம்" என்று ஒவ்வொன்றும் விளம்பரம் செய்தது. தகட்டைக் கொஞ்சம் நெகிழவிட்டால் பந்து எகிறும் என்று கண்டுபிடித்தார்கள். இளகின மெத்தையில் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெத்தை அமுங்கும், பிறகு தூக்கி எறியும். மட்டையும் அப்படியே ஆனது.

அமெரிக்கப் பிக்கிள்பால் சம்மேளனம் மட்டைகளைப் பரிசோதித்து, ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2024 மே மாதம் ஒரு காரியம் நடந்தது. ஜூலா என்ற பெரிய கம்பெனி புதிதாக விட்ட மட்டைகளைச் சம்மேளனம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பரிசோதனைக்கு வந்த மட்டை வேறு, கடையில் விற்ற மட்டை வேறு என்பது காரணம். "இது எங்கள் அலுவலகத்தில் நேர்ந்த பிசகு" என்றது கம்பெனி. சம்மேளனத்தின் மீது வழக்கும் போட்டது.

கம்பெனிக்கும் சம்மேளனத்துக்கும் வழக்கு நடக்கட்டும். நடுவில் மாட்டிக்கொண்டவர் யார்? ஆசை ஆசையாகப் பணம் கட்டி வாங்கிய ஆட்டக்காரர்! காலையில் வாங்கும்போது நல்ல மட்டை. மாலையில் பந்தயத்துக்குப் போனால் தள்ளுபடி!

அதற்குப் பிறகு சம்மேளனம் புதுப் பரிசோதனை ஒன்று கொண்டுவந்தது. பந்தை ஓர் இயந்திரத்திலிருந்து மட்டை மீது ஏவுவார்கள். எந்த வேகத்தில் போனது, எந்த வேகத்தில் திரும்பியது என்று அளப்பார்கள். அளவை மிஞ்சினால் அங்கீகாரம் இல்லை. முன்பு அங்கீகாரம் பெற்றிருந்த சில மட்டைகளும் 2025 ஜூலையிலிருந்து ஒதுக்கப்பட்டன.

சம்மேளனம் செய்தது சரி என்பதே என் அபிப்பிராயம். விளையாட்டின் அழகு மட்டும் காரணம் அல்ல. அடுக்களைக் கோட்டில் நிற்கிற இரண்டு பேருக்கும் நடுவில் 14 அடிதான் இடைவெளி. அந்தத் தூரத்தில், எகிறும் மட்டையால் அடித்த பந்து கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அதனால்தான் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடச் சொல்கிறார்கள். மட்டைக்குப் பதினெட்டாயிரம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், கண்ணாடிக்குச் சில நூறு கொடுக்க யோசிப்பது எனக்குப் புரியாத புதிர்.

நம் நாட்டில் என்ன நிலை?

இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் மும்பையைச் சேர்ந்த சுனில் வாலாவல்கர். கனடாவுக்குப் போயிருந்தபோது பார்த்தார். பிடித்துப்போயிற்று. 2008-ல் அகில இந்தியப் பிக்கிள்பால் சங்கம் ஏற்பட்டது. பல வருஷம் ஆட்டத்தை வளர்த்தது அந்தச் சங்கம். ஆனால், 2025-ல் அரசாங்கம் அங்கீகாரம் கொடுத்தது இன்னொரு சங்கத்துக்கு! பழைய சங்கம் சும்மா இருக்குமா? டெல்லி உயர் நீதிமன்றத்தின் படி ஏறியது.

இது பெரியவர்கள் விவகாரம். நமக்குத் தேவையானது வேறு. பந்தயம் ஆடப் போகிற பிள்ளைக்கு எந்த மட்டை செல்லும், எது செல்லாது என்பதைத் தமிழில் ஓர் எளிய பட்டியலாகப் போட்டுக் கொடுத்தால் எவ்வளவு உபகாரமாக இருக்கும்! மட்டையில் "அங்கீகாரம் பெற்றது" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். அச்சு அடிப்பது யாருக்கும் கஷ்டம் இல்லை. போலி மட்டைகளிலும் அதே முத்திரை இருக்கிறது. ஆகவே, பந்தயம் நடத்துகிறவரிடம் முதலில் கேட்டுவிட்டு, பிறகு வாங்குவதே நல்லது. சும்மா சாயங்காலம் குடும்பத்தோடு ஆடுவதற்கு இந்தக் கவலை இல்லை.

தட்டிப் பார்த்து வாங்குங்கள்

மண்பானை வாங்கும்போது நம் பாட்டிமார் என்ன செய்வார்கள்? விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். "ணங்" என்றால் நல்ல பானை. மட்டைக்கும் இது பொருந்தும். மட்டையை இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சத்தம் வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால், உள்ளே தகடும் தேன்கூடும் பிரிந்திருக்கலாம். பழைய மட்டை வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரிந்த மட்டையில் பந்து தாறுமாறாக எகிறும். பந்தயத்தில் அது செல்லாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டையை விட்டு வைப்பதும் கெடுதல். ஒட்டுப் பசை வீணாகும்.

அடுத்தது எடை. பொதுவாக மட்டைகள் 205 கிராமிலிருந்து 240 கிராம் வரை இருக்கும். இடையில் உள்ள வித்தியாசம் சில டீஸ்பூன் சர்க்கரை அளவுதான். ஆனால், ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை வீச வேண்டும்! கனத்த மட்டை தானாகவே பந்தைத் தள்ளும், வேகம் வரும். ஆனால், கை அசந்துவிடும். லேசான மட்டை சட்டென்று திரும்பும். அடியில் பலம் குறையும். ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில்கூட, தலை கனத்தது ஒன்று, பிடி கனத்தது ஒன்று என்று இருக்கும். ஒரு விரலின் மேல் மட்டையைக் கிடையாக நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். தலைகனம் பிடித்த மட்டை முழங்கைக்கு ஆகாது. (தலைகனம் பிடித்த மனிதரும் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா சொல்லக்கூடும்!)

பிடியின் பருமனையும் பார்க்க வேண்டும். சுற்றளவு பெரும்பாலும் 4 அங்குலத்திலிருந்து நாலரை அங்குலம் வரை இருக்கும். மட்டையைக் கையில் பிடியுங்கள். விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவில் இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைகிறதா? அதுதான் உங்கள் அளவு. பிடி சின்னதாக இருந்தால், நாம் அறியாமலே இறுக்கிப் பிடிப்போம். வலி அங்கிருந்துதான் கிளம்பும். சந்தேகம் வந்தால் சின்னப் பிடியையே வாங்கி, மேலே பட்டை சுற்றிக்கொள்ளலாம். பெரிய பிடியைச் சீவிச் சின்னதாக்க முடியாது.

நம் கடற்கரை ஊர்களில் வியர்வை அதிகம், பிடி வழுக்கும். ஆகவே, மட்டையில் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்து, அதில் கொஞ்சத்துக்குப் பட்டை வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றுவது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு முன்னால் ஒருநாள் இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். சும்மா ஆடிப் பார்த்தால் போதாது, எண்ணிப் பாருங்கள். அடுக்களைக் கோட்டில் நின்று எதிர் அடுக்களைக்குள் 20 பந்து மெதுவாகப் போடுங்கள். பிறகு கடைசிக் கோட்டிலிருந்து 20 பந்து பலமாக அடியுங்கள். எத்தனை வெளியே போயிற்று? வலையில் எத்தனை மாட்டிற்று? இரண்டு மூன்று மட்டைகளில் இப்படிச் செய்து, தவறு குறைந்த மட்டையை எடுங்கள். விளம்பரத்தில் வருகிற வீரருடைய கைக்கும் உங்கள் கைக்கும் சம்பந்தம் இல்லை.

யாருக்கு எது?

நம் புதுப்பட்டினம் குடும்பத்துக்கு வருவோம்.

அப்பா ஷட்டில் ஆடியவர். மணிக்கட்டில் வேகம் இருக்கிறது. அவருக்கு வேக மட்டை கொடுத்தால், பாதிப் பந்து கோட்டுக்கு வெளியேதான் போகும். அவருக்குத் தேவை அடக்குகிற மட்டை. 16 மில்லிமீட்டர், கார்பன் தகடு.

தாத்தாவுக்கு 210, 215 கிராமில் பிடிப்பக்கம் கனமுள்ள மட்டை. பிடியில் மெத்தென்ற பட்டை. முழங்கை வலி இருப்பதால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அம்மா புதிதாக ஆடுகிறவர். அகலமான மட்டை, நடுத்தர விலை. இதற்கு மேல் அவருக்கு யோசனை சொல்ல வேண்டியது இல்லை. சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிற கைக்கு மட்டை பொறுக்கவும் தெரியும்.

மகள்தான் பிரச்சினை! அவளுக்கு இடி மாதிரி போகிற மட்டை வேண்டும். வேண்டாம் என்றால் முகம் வாடும். அவளுக்குப் பந்தய ஆசையும் இருக்கிறது. அப்படியானால் முதல் ஆறு மாதம் சாதாரணக் கட்டுப்பாட்டு மட்டையில் ஆடட்டும். அடுக்களைக்குள் 20-க்கு 16, 17 பந்து விழ ஆரம்பித்த பிறகு, கண்ணாடி நார்த் தகட்டில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். அதுவும் பந்தயக்காரர்களிடம் கேட்டுவிட்டு.

நான்கு பேருக்கும் நான்கு மட்டைகளை ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு வாங்கி, மாற்றி மாற்றி ஆடினாலே யாருக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கடல் காற்று கிளம்பினால், திறந்தவெளியில் ஓட்டைப் பந்து தன் இஷ்டத்துக்குப் போகும். திறந்தவெளிக்கு என்றே 40 சின்ன ஓட்டைகள் உள்ள பந்து இருக்கிறது. 26 பெரிய ஓட்டைகள் உள்ள பந்து உள்ளரங்கத்துக்கு. கடைக்காரர் மறந்து மாற்றிக் கொடுத்துவிட்டால், நாம் மட்டையைத்தான் திட்டிக்கொண்டிருப்போம். ஓட்டையை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.